ஏரம்பு என்றால் ஒரு ஆள்

ஏரம்புக்கு வயது ஐம்பத்தொன்பது, எடை ஐம்பத்துநாலு கிலோ. ஒரு வெங்காய மூடை ஐம்பது கிலோ. இந்த நாலு கிலோ வித்தியாசத்தை நம்பித்தான் அவருடைய பிழைப்பு நடக்கிறது. அச்சுவேலிச் சந்தைக்குப் போகும் நாளில் மூடையைச் சைக்கிளில் ஏற்ற அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. சைக்கிளைத் தரையில் படுக்கவைப்பார். மூடையைக் கரியரோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவார். ஹாண்டிலில் கயிற்றைப் போட்டு, முற்றத்து வேம்பின் கிளைக்கு மேலால் எறிந்து, மறுபக்கத்தில் தொங்குவார். சைக்கிள் மெல்ல எழும்பும். சில நாட்களில் சைக்கிள் கிடந்த இடத்தில் கிடக்க, ஏரம்புதான் எழும்புவார்.

பத்திரிகைக்காக நான் அவரைப் பார்க்கப் போன அன்று அவர் பாதி உயரத்தில் இருந்தார். "பிடிக்கட்டோ அண்ணை?" என்று றோட்டில் போன ஒருவர் நின்று கேட்டார்.

"வேண்டாம். நீ போ. நீ பிடிச்சா நான் உன்னையும் பாக்கவேணும், சைக்கிளையும் பாக்கவேணும்."

புத்தூரில் ஏரம்பு என்பது இப்போது ஓர் ஆளின் பெயர் மட்டும் இல்லை. "கலியாணவீட்டுக்கு ஆரோடை போறாய்?" என்று கேட்டால், "ஏரம்பாய்த்தான்" என்று பதில் வருகிறது. தென்னையில் தானே ஏறி, தேங்காயைத் தானே பறித்துப் போட்டு, கீழே இறங்கித் தானே பொறுக்குகிறவர் 'ஏரம்படிக்கிறார்'. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றையாக ஒரு மேசை பிடித்துக் கொத்துறொட்டி சாப்பிட்டால் அது 'ஏரம்புச் சாப்பாடு'. பெயர் போய்ச் சொல்லாகிவிட்டது. சொல்லுக்குச் சொந்தக்காரர் இன்னும் தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் சுபாஜினி. வயது இருபத்தேழு, யாழ்ப்பாணத்தில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை, ஏரம்பின் ஒழுங்கையில் வீடு.

"தனியப் படத்துக்குப் போறன் எண்டு சொன்னா அம்மான்ரை முகம் சுருங்கியிடும். 'ஏன் பிள்ளை, உன்னோடை ஒருத்தரும் வரமாட்டினமோ?' எண்டு ஒரு பாட்டம் அழுவா. ஏரம்பாய்ப் போறன் எண்டாச் சிரிச்சுக்கொண்டு, வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வா எண்டுவா. போறது அதே படத்துக்குத்தான்."

தனிய என்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் இரக்கம் வரும். ஏரம்பு என்றால் பின்னால் ஒருவரும் வருவதில்லை.

தன்னுடைய பெயரை ஊர் இப்படிப் பாவிப்பது ஏரம்புக்குத் தெரியுமா என்று கேட்கத் தயங்கினேன். அவருக்குத் தெரியும். கோபமும் இல்லை. ஒரேயொரு முறைப்பாடுதான். "பிழையாய்ப் பாவிக்கினம்" என்றார்.

சுபாஜினியோடுதான் அவருக்குப் பெரிய வழக்கு. ஒருநாள் பின்னேரம் சுபாஜினி காதில் வயர் மாட்டிச் சிநேகிதியோடு கதைத்தபடி ஒழுங்கையால் நடந்து வந்து, "பாத்தீங்களோ ஏரம்பண்ணை, நானும் ஏரம்பாய் நடக்கிறன்" என்றிருக்கிறார்.

"அது ஏரம்பு இல்லை. உன்ரை காதுக்குள்ளை ஒராள் இருக்கு."

"அப்ப நாயைக் கூட்டிக்கொண்டு போனால்?"

ஏரம்பு மண்வெட்டியை ஊன்றிவிட்டு யோசித்தார். "நாய் தன்ரை பாட்டிலை வந்தாச் சரி. நீ கூப்பிட்டு வந்திருந்தாச் சரியில்லை."

சொல் எப்படிப் பிறந்தது என்பதில் ஊர் இரண்டு பட்டுக் கிடக்கிறது. ஒரு கட்சி கலியாணப் படத்தைக் காட்டுகிறது. ஊரில் எந்தக் கலியாணத்துக்கும் ஏரம்பு போவார். படப்பிடிப்புக்காரர் "அடுத்த குடும்பம் வாங்கோ" என்றதும் மேடையேறி, மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் நடுவில் நின்றுகொள்வார். புத்தூரில் பல அல்பங்களில், மாமன் மாமி பட்டாளமாய் நிற்கும் படங்களுக்கிடையில், ஒற்றை வேட்டியும் மூன்று குறி விபூதியுமாக ஒரு குடும்பம் நிற்கிறது.

மற்றக் கட்சிக்குத் தலைவி பத்மாவதி. ஏரம்பின் பக்கத்து வளவுக்காரி, அறுபத்துமூன்று வயது, ஒழுங்கை முகப்பில் மிளகாய்த்தூள் அரைக்கும் மில் நடத்துகிறார். அந்த மில்லுக்குள் நிற்பவர்கள் கதைப்பதை விடத் தும்முவது அதிகம். பத்மாவதிக்கு மட்டும் தும்மல் வருவதில்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து அவரே கதைக்கிறார்.

"படமும் கிடமும் பேந்து வந்த கதை. சொல்லு உண்டானது எங்கடை வேலியடியிலை, ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆவணி. உண்டாக்கினது நான்."

பின்னிய தென்னோலையால் கிடுகு வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும். உள்ளே நிற்பவர் குத்தூசி என்ற நீண்ட ஊசியில் கயிற்றைக் கோத்து வேலிக்கூடாகக் குத்திவிட, வெளியே நிற்பவர் அதை இழுத்து, மட்டையைச் சுற்றி, திருப்பிக் குத்திவிட வேண்டும். இதை ஒராள் செய்த கதை அதற்கு முன் வலிகாமத்தில் இல்லை. ஏரம்பு உள்ளே நின்று ஊசியைக் குத்துவார். படலைக் கதவால் வெளியே போய், ஒழுங்கையைச் சுற்றி, பத்மாவதியின் வளவுக்குள் வந்து, ஊசியை இழுத்து, திருப்பிக் குத்திவிட்டு, வந்த வழியே திரும்பிப் போவார். ஒரு முடிச்சு. பிறகு அடுத்த முடிச்சு.

"நான் கதிரையைப் போட்டு இந்தப் பக்கம்தான் இருந்தனான். ஊசி என்ரை மூக்குக்கு முன்னாலை நீட்டிக்கொண்டு நிக்குது. 'இழுத்துவிடட்டோ ஏரம்பு?' எண்டன். 'வேண்டாம் அக்கா, நான் வாறன்' எண்டு அங்காலை நிண்டு கத்துறான். வந்தான். ஒவ்வொரு முடிச்சுக்கும் வந்தான். ஒவ்வொருக்கா வரேக்கையும், 'என்ன அக்கா, சுகமோ?' எண்டு கேட்டிட்டுப் போனான். அண்டைக்கு என்ரை மகளைக் கடைக்கு அனுப்பேக்கை வாயிலை வந்துது. 'ஏரம்பாய்ப் போட்டு வா.' அவ்வளவுதான்."

இப்படி வாழும் ஒருவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பெரிய துயரம் இருக்கும் என்று பத்திரிகைக்காரர்கள் நினைப்பது வழக்கம். நானும் கேட்டேன். ஏரம்பு கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் நடக்கேல்லை. ஒராளைக் கூப்பிட்டாத் தேத்தண்ணி வைக்கவேணும். அவன்ரை கதையைக் கேக்கவேணும். பேந்து அவன்ரை வேலைக்கு நான் போகவேணும். அதுக்குள்ளை நான் வேலியை ரெண்டு தரம் கட்டிப்போடுவன்." பிறகு, கேட்காமலே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "தொண்ணூற்றைஞ்சிலை ஊரே இடம்பெயரேக்கை நாவற்குழிப் பாலத்திலை எல்லாரோடையும் சேந்து ஒரு வேலை செய்தனான் தானே. அது காணும்."

கண் மங்கத் தொடங்கியது போன வருடம். முதலில் வெங்காயப் பாத்திகள் வளைந்தன. ஆட்கள் சிரித்தார்கள், அவர் கவனிக்கவில்லை. புத்தூர்ச் சந்தியில் நிறுத்திவைத்திருந்த லொறி ஒன்றின் பின்னால், அது கிளம்பும் கிளம்பும் என்று சைக்கிளோடு வெகுநேரம் நின்றிருக்கிறார். தோட்டத்து வெருளிப் பொம்மையிடம் "ஆர் அது?" என்று கேட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. அதை அவர் மறுக்கிறார். இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றியதை மறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் வெண்புரை, வலது கண் இனிப் பொறுக்காது, கெதியாய் வெட்டவேண்டும் என்றார். வெட்டினால் தெளிவாகும். விட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டிவரும். ஏரம்பு மனதில் எடுத்துக்கொண்டது இந்தக் கடைசி வசனத்தை மட்டும்தான். உடனே திகதி கேட்டார்.

குறித்த நாளில் காலமை பஸ்ஸில் போய் இறங்கினார். ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் தாதி கேட்டார்: "ஐயாவோடை கூட வந்த ஆள் எங்கை?"

"நான்தான் வந்தனான்."

"நீங்கள் நோயாளி. உங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறதுக்கு?"

"அதுக்கும் நான்தான்."

தாதி கிளிநொச்சிப் பிள்ளை. அவருக்கு இந்தச் சொல்லும் தெரியாது, இந்த ஆளையும் தெரியாது. கண்ணை மூடிக்கட்டி ஒருவரைத் தனியே றோட்டில் விட முடியாது, உறவுக்காரர் ஒருவர் இல்லாமல் சத்திரசிகிச்சை இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். ஏரம்பு "ஒரு நிமிசம்" என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது அவரோடு ஒரு தம்பி இருந்தார்.

தம்பியின் பெயர் செபநாயகம். குருநகரைச் சேர்ந்தவர், வாசலில் ஓட்டோ வைத்திருப்பவர். "கொஞ்ச நேரம் எனக்குத் தம்பியாய் இருக்கிறியோ?" என்று கேட்டபோது, "அதுக்கென்ன அண்ணை" என்று ஓட்டோவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான்.

"நீங்கள் ஐயாவுக்கு என்ன முறை?"

"தம்பி."

"பேர்?"

"செபநாயகம்."

தாதி ஏரம்பின் நெற்றி விபூதியைப் பார்த்தார். செபநாயகத்தின் கழுத்தில் தொங்கிய அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்தார். "கூடப்பிறந்த தம்பியோ?"

"ஓம்" என்றார் ஏரம்பு.

"சித்தப்பான்ரை மகன்" என்றார் செபநாயகம், அதே நேரத்தில்.

"ஐயாவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ? இல்லை ஐயா, நீங்கள் சொல்லாதேங்கோ. தம்பி சொல்லட்டும்."

செபநாயகம் ஏரம்பை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கு மிஸ். கனக்க இருக்கு."

"பிறசர்?"

"ஐயோ, அது சொல்லி வேலையில்லை."

வருத்தம் கூடக் கூடச் சொன்னால் கெதியாய் உள்ளே எடுப்பார்கள் என்று நினைத்ததாகச் செபநாயகம் என்னிடம் சொன்னார். கனக்கச் சீனி உள்ளவரின் கண்ணை இரத்தம் பார்க்காமல் வெட்ட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஏரம்பை இரத்தம் எடுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அவரிடம் சீனி இல்லை, பிறசர் இல்லை, அன்றைய திகதியும் இல்லை. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

"உங்களை வடிவாய்த் தெரிஞ்ச ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ ஐயா" என்றார் தாதி. "இன்னொருக்காத் தள்ளினா அந்தக் கண்ணைப் பிறகு வெட்டியும் பிரயோசனமில்லை."

வாசலில் செபநாயகம் மன்னிப்புக் கேட்டார். "அடுத்த முறையும் நானே வாறன் அண்ணை. இந்த முறை எல்லாத்தையும் பாடமாக்கிக்கொண்டு வாறன்."

செய்தி ஏரம்புக்கு முன்னால் புத்தூருக்கு வந்து சேர்ந்தது. மில்லில் அடுத்த நாள் முழுக்க இதே விவாதம். ஏரம்பு ஒராளைக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "நான் அம்மாட்டை இனி என்னெண்டு சொல்லுறது?" என்று சுபாஜினி தும்மலுக்கு நடுவே கேட்டார். கண்தான் முக்கியம் என்று ஒரு பக்கம். அது சரி, ஆனால் ஏரம்பு அப்படி நினைப்பாரா என்று மறுபக்கம். அவரை நன்றாகத் தெரிந்தவர் ஊரில் ஆர் என்ற கேள்விக்கு மட்டும் எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பத்மாவதி கண்டும் காணாதவர் போல மிளகாயைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஏரம்பு ஒரு சின்னப் பை செத்தல் மிளகாயோடு வந்தார். வரிசையில் நின்றார். பின்னால் வந்தவர்களை எல்லாம் "நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ" என்று முன்னால் விட்டார். எல்லோரும் போய் முடிந்தபிறகும் பை அவர் கையிலேயே இருந்தது.

"அக்கா, ஒராள் வேணுமாம்."

"ஆருக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்கு ஆள் வேணுமெண்டா அவை பேப்பரிலை போடட்டும்."

மில் இரைந்துகொண்டிருந்தது. ஏரம்பு பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "கூட வாறதுக்காம்."

"ஆரோடை?"

ஐம்பத்தொன்பது வருடத்தில் அவர் வாயால் வராத வசனம் அது. வந்தபோது மில் இரைச்சலில் கேட்கவில்லை. பத்மாவதி சுவிச்சை நிற்பாட்டினார். ஒழுங்கை முழுக்க அமைதியானது.

"இப்ப சொல்லு."

"என்னோடை வாறியளோ அக்கா?"

பத்மாவதி உடனே ஓம் என்று சொல்கிற ஆள் இல்லை. "பஸ்ஸிலை பக்கத்திலைதான் இருப்பன்."

"ஓம்."

"வழி முழுக்கக் கதைப்பன்."

ஏரம்பு பையைத் திரும்பவும் பழைய கைக்கு மாற்றினார். "ஓம்."

கதைத்தார். புத்தூரில் ஏறியதிலிருந்து யாழ்ப்பாணம் வரையும் கதைத்தார். வாட்டு வாசலில் அதே தாதி இருந்தார். பத்மாவதி முறையைக் கேட்கவே விடவில்லை. "அயல் பிள்ளை. அயல்தான், உறவில்லை. கேக்கிறதைக் கேளுங்கோ" என்றார். தாதி கேட்கத் தொடங்கினார்.

"சீனி இல்லை, பிறசர் இல்லை. காலமை பழஞ்சோறும் வெங்காயமும். உப்புக் கொஞ்சம் கூடப் போடுவான். இடது முழங்கால் மழைக்கு நோகும், காட்டிக்கொள்ளான். மாரியிலை இருமல் வரும், மல்லி அவிச்சுக் குடிப்பான். போன தைப்பொங்கலுக்குக் கால் இடறி விழுந்தவன், ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நித்திரையிலை கதைப்பான்."

தாதி எழுதுவதை நிறுத்தினார். ஏரம்பு திரும்பி, தெரியாத கண்ணால் பத்மாவதியை உற்றுப் பார்த்தார்.

"உதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒருத்தனாய்க் கட்டின வேலியடா. ஓட்டை இல்லாமல் இருக்குமோ?"

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கண்ணை மூடிக்கட்டியிருந்த அந்த ஒரு நாளும் ஏரம்பு பத்மாவதி சொன்னபடி நடந்தார், சொன்ன இடத்தில் இருந்தார். ஊரில் சிலருக்கு அது பார்க்கப் பொறுக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்தபோது அவர் முதலில் சொன்னது, "அக்கா, உங்களுக்கு இவ்வளவு நரைச்சிட்டுதோ?" பத்மாவதி வரும் வழியில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்றும், ஏரம்பு இரண்டு முறை "ஏன் அக்கா பேசாமல் வாறியள்?" என்று கேட்டதாகவும் கொண்டக்டர் சொல்லித் தெரிகிறது.

பிறகு சொட்டு மருந்து. வேளைக்கு வேளை கண்ணுக்குள் ஒரு துளி விடவேண்டும், குனியக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது. "நான் விடுறன்" என்றார் பத்மாவதி. "ஆஸ்பத்திரி அலுவல் முடிஞ்சுது அக்கா. இனி நான் பாப்பன்" என்றார் ஏரம்பு. அவர் பார்த்த விதத்தை நான் நேரில் கண்டேன். கட்டிலுக்கு நேர் மேலே, கூரை வளையில் சீசாவைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு நூல், நூலின் நுனி அவருடைய கால் பெருவிரலில். மல்லாந்து படுத்து, கண்ணை அகலத் திறந்து, விரலை மடக்கினார். முதல் துளி மூக்கில் விழுந்தது. தலையைச் சரிசெய்தார். இரண்டாவது காதுக்குள் போனது. மூன்றாவதுக்கு யன்னலால் காற்று வந்தது. சீசாவில் மருந்து கால்வாசி இறங்கியிருந்தது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. டொக்டர் சொன்ன நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

ஏரம்பு எழுந்து, கட்டில் விளிம்பில் ஏறி நின்று, நூலை அவிழ்த்துச் சீசாவைக் கையில் எடுத்தார். ஒழுங்கையால் நடந்தார். மில்லில் நாலைந்து பேர் நின்றார்கள், அவர்களில் சுபாஜினியும் ஒருவர். எல்லோரும் தும்மலைக் கூட அடக்கிக்கொண்டார்கள். பத்மாவதி மில்லை நிற்பாட்டி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒருமுறை மணந்து பார்த்து, மறுபடி கழுவினார்.

ஏரம்பு வாங்குப் பலகையில் அமர்ந்தார். அண்ணாந்தார். சீசாவைத் தலைக்கு மேலே நீட்டினார்.

மற்றக் கண்ணுக்கு ஐப்பசியில் திகதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு மில் பூட்டு.